மடிக்க இரண்டு பேர் வேண்டும்

ஜனவரி 21, செவ்வாய்

அபிநயா ஒரு பொய்க்காரி. ஆடித் தள்ளுபடியிலிருந்து ஆறு மாதமாக என்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சாப்பிட்டேன் என்கிறாள். இன்று அவள் டிபன் பாக்ஸைத் தூக்கிப் பார்த்தேன். அவள் அம்மா காந்தா காலையில் கட்டிக்கொடுத்த கனம் அப்படியே இருந்தது. தூங்கினேன் என்கிறாள். தென்னேரியில் பஸ் ஏறியதிலிருந்து வாலாஜாபாத் தாண்டி, காஞ்சிபுரத்தில் எங்கள் புடவைக் கடைக்கு இறங்கும் வரை ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்தபடி கண்ணைத் திறந்துகொண்டே வருகிறாள். என்னடி என்றால், "ஒண்ணுமில்லபா."

என்னை ஏமாற்ற முடியாது. பட்டுப்புடவையை ஒருத்தியால் மடிக்க முடியாது. ஒருத்தி முந்தானைப் பக்கம், இன்னொருத்தி மறுமுனை. இழுத்து விறைப்பாக்கி, கரையும் கரையும் சேரும்படி மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வரவேண்டும். இந்தக் கடையில் மூன்று வருடமாக அபியும் நானும் ஜோடி. அவள் கோபமாக இருந்தால் துணி வெடுக்கென்று இழுக்கும். சிரிப்பை அடக்கினால் லேசாக நடுங்கும். இப்போது எதுவும் வருவதில்லை. மறுமுனையை யாரோ ஆணியில் மாட்டிவிட்டுப் போனதுபோல் இருக்கிறது.

ஆனால் கஸ்டமர் வந்ததும் சிரிக்கிறாள். கண்ணாடி முன்னால் புடவையைத் தோளில் போட்டால் சிரிக்கவேண்டும் என்பது எங்கள் மாடி மேனேஜர் தர்மன் சாரின் சட்டம். "புடவையை விக்கிறது பட்டு இல்லமா, உங்க மூஞ்சி." காலை ஒன்பதரை முதல் இரவு எட்டரை வரை நின்றுகொண்டே சிரிக்கவேண்டும். நாற்காலிகள் இருக்கின்றன. எல்லாம் கஸ்டமருக்கு.

ஜனவரி 22

இன்றும் டிபன் பாக்ஸ் கனம்.

ஜனவரி 26, ஞாயிறு

லீவு கிடையாது. தை முகூர்த்தம். கால் வீங்கிப்போய் வந்து படுத்தால் பழசெல்லாம் வருகிறது.

ஆறாம் வகுப்பில் வாலாஜாபாத் பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் ஒரே பஸ். அவள் ஊரிலிருந்து வருவாள், நான் காலனியிலிருந்து. ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில், அவள் அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் தண்ணீர் பாட்டிலை வாங்கி வாய் வைத்துக் குடித்தாள். அண்ணாந்துகூட குடிக்கவில்லை. வாய் வைத்து. காந்தாம்மா அங்கேயே அவள் முதுகில் ஒன்று வைத்தார். மறுநாள் அதே நேரம், அதே இடம். அபி கையை நீட்டினாள்: "பாட்டிலக் குடு." அன்றும் அடி விழுந்தது. மூன்றாம் நாள் காந்தாம்மா பஸ் நிறுத்தத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

நான் அன்று பயந்துபோய் நின்றிருந்தேன். போராளி அவள்தான். இன்று எல்லோரிடமும் சண்டை போடுகிறவள் என்று எனக்குப் பேர். அதை நான் அவளைப் பார்த்துக் கற்றுக்கொண்டது யாருக்கும் தெரியாது.

ஏரி நிரம்பிக் கலங்கல் மேடையில் தண்ணீர் வழிந்தோடிய வருடம் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்கு நடுவில் நின்று கத்தினாளே, அந்த அபி எங்கே?

ஜனவரி 31, வெள்ளி

சென்னையிலிருந்து ஒரு கல்யாணக் கும்பல். மூன்று மணி நேரம், எண்பது புடவைக்கு மேல் பிரித்துப் போட்டார்கள். எடுத்தது ஒன்று. அவர்கள் போனதும் மடிக்க உட்கா— உட்காரவில்லை, நின்றோம். முப்பதாவது புடவையோ என்னவோ. அரக்குக் கரை. துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அபி சொன்னாள்:

"எஸ்தரு, நான் இல்லாமப் போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுது."

சினிமாவுக்குப் போகலாமா என்று கேட்கிற குரலில்.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதத்தான் வேண்டும். "லூசு மாதிரி பேசாத. உனக்கு இன்னா குறை? சொந்த வீடு, ரெண்டு காணி நிலம், எங்க வீட்டு நிலைமை உனக்கு இருந்தா..." இன்னும் என்னென்னவோ. என் வாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஆமால்ல" என்றாள். சிரித்தாள். கடைச் சிரிப்பு. கஸ்டமருக்குப் போட்டுக் காட்டுகிற சிரிப்பை எனக்கே போட்டுக் காட்டினாள்.

நான் யாருடி உனக்கு?

பிப்ரவரி 1

நேராகவே கேட்டுவிட்டேன். கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே கிளப்பிவிட்டதாக ஆகிவிடுமோ என்று பயம். ஆனால் நேற்றுத் திட்டியதைவிட மோசமாக இனி என்ன செய்துவிட முடியும்? காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில், வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "செத்துப்போகணும்னு நினைக்கிறியா?" என்றேன்.

அவள் அதிரவில்லை. மூச்சு விட்டாள். ரொம்ப நாளாகத் தூக்கிக்கொண்டிருந்த மூட்டையை ஒரு நிமிடம் கீழே வைத்ததுபோல்.

"நான் நினைக்கலபா. அதுவா வந்து உக்காந்துக்குது. பல்லு வெளக்கிக்கினு இருக்கும்போதுகூட வருது."

யாராவது தொந்தரவு செய்கிறார்களா, காதலா, தர்மன் சார் ஏதாவது சொன்னாரா என்று வரிசையாகக் கேட்டேன். கையில் கட்டை எடுத்துக்கொண்டு ஆளைத் தேடுகிறவள்போல. எதுவும் இல்லை என்று தலையாட்டினாள்.

"யாராச்சும் இருந்தாத் தேவல எஸ்தரு. சொல்றதுக்கு ஒரு பேரு இருக்கும்."

பிறகு என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்தாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னாள். செய்தேன். ஏன் செய்தேன்? பஸ் வந்துவிட்டது, அழுகை வந்துவிட்டது, வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. முட்டாள்தனம்.

பிப்ரவரி 3, திங்கள்

காலை ஐந்தே முக்காலுக்கு அவளுக்குப் போன் அடிக்கிறேன். எடுத்தால் போதும், ஒன்றும் பேசவேண்டாம். எடுத்தாள். "எழுந்துட்டேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

ஒன்பதாவது படிக்கும்போது வைகாசியில் முதல்முறை என்னைக் காஞ்சிபுரம் வரதராஜர் கருட சேவைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் வரமாட்டேன், எங்கம்மாவுக்குத் தெரிந்தால் சர்ச்சில் தலைகாட்ட முடியாது என்றேன். கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து என் நெற்றியில் ஒட்டி, "இப்போ உன்னை ஏசுவுக்கே அடையாளம் தெரியாது" என்றாள். விடியக்காலைக் கூட்டம். குடைகள் ஆடிக்கொண்டு வந்தபோது எல்லோரும் கும்பிட்டார்கள். அவள் மட்டும் என் மூஞ்சியைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குப் பிடித்திருக்கிறதா என்று. அன்றிலிருந்து வருடம் தவறியதில்லை. போன வருடமும் பொட்டு அவளுடையதுதான்.

பிப்ரவரி 8, சனி

மத்தியானம் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் பீரோ கதவில் ஒட்டியிருந்தது. அதைத் தொடவே விடமாட்டாள். "நீயே வெச்சுக்கோ" என்றாள். ஏன் என்றேன். சும்மா என்றாள்.

பஸ்ஸில்தான் உறைத்தது. போக நினைக்கிறவள்தான் ஆசையாக வைத்திருப்பதை இப்படி எடுத்துக் கொடுப்பாள். இறங்கினதும் காலனிப் பக்கம் திரும்பாமல் அவள் பின்னாலேயே ஊருக்குள் நடந்தேன். "எங்கடி வர?" என்றாள். நடந்துகொண்டே இருந்தேன்.

கேட்டுக்கு வெளியில் நின்றுகொண்டு காந்தாம்மாவைக் கூப்பிட்டேன். அபியின் முன்னாலேயே சொன்னேன். அவள் சாக நினைக்கிறாள், இது வியாதி, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், தனியாக விடாதீர்கள். எல்லாவற்றையும் சொன்னேன்.

காந்தாம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்தப் பையன்?"

பையன் யாரும் இல்லை என்றேன்.

"உங்க பக்கத்துப் பையனா? நீதான் சேதி கொண்டாந்துக்கினு இருக்கியா?"

சாக வேண்டும் என்று ஒரு பெண் சொன்னால் இந்த ஊருக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். அதற்கு மருந்தும் ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளை. அபியின் அப்பா முனிசாமி உள்ளேயிருந்து வந்து, இனிமேல் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றார். சத்தம்கூடப் போடவில்லை.

அபி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியவில்லை.

பிப்ரவரி 10

வேலைக்கு வரவில்லை. காலையில் ஒரு மெசேஜ்: "என் தலைமேல சத்தியம் பண்ணினியே." அதன்பிறகு போன் அணைந்துவிட்டது. வீட்டில் பிடுங்கிவிட்டார்கள் போல.

ஆமாம், பண்ணினேன். உடைத்துவிட்டேன். நீ என்னை வெறுத்துக்கொண்டு உயிரோடு இரு.

பிப்ரவரி 13, வியாழன்

பிரவீனாவுடன் மடிக்கிறேன். நல்ல பெண்தான், ஆனால் எங்கள் நடை சேரவில்லை. கரை இரண்டு விரல் தள்ளிப்போகிறது. தர்மன் சார் திட்டினார்.

பிரவீனாவுக்கு அபி தெருவில் சொந்தக்காரர்கள் உண்டு. சேதி அவள் வழியாகத்தான் வருகிறது. அபியை வரதராஜர் கோயிலுக்குக் கூட்டிவந்து தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொடவைத்தார்களாம், தோஷம் போக. மாப்பிள்ளையும் பார்த்தாகிவிட்டது. வைகாசியில் கல்யாணம்.

பத்தாவது பரீட்சைக்கு முன்னால் நானும் அவளும் அந்தப் பல்லிகளைத் தொட்டிருக்கிறோம். எனக்கு எட்டவில்லை, அவள்தான் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். கணக்கில் முப்பத்தெட்டு வாங்கினேன். "நீ வாலைத் தொட்டிருப்படி" என்று ஒரு மாதம் கிண்டல்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். ஜெபம் பண்ணு என்கிறாள். அங்கே பல்லி, இங்கே ஜெபம். ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்ல இரண்டு தெருவிலும் ஓர் ஆள் கிடையாது.

பிப்ரவரி 15

14416, அரசின் மனநல உதவி எண்ணுக்கு நானே போன் செய்தேன். அவளுக்காக என்றேன். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டார். நேராகக் கேட்டது சரி, சத்தியத்தை உடைத்ததும் சரி என்றார். தனியாக விடவேண்டாம், வீட்டில் ஆபத்தான பொருள்கள் கைக்கு எட்டாமல் இருக்கவேண்டும், பெரியவர்களில் ஒருவரிடமாவது மறுபடி பேசுங்கள், அவசரமென்றால் காத்திருக்காதீர்கள் என்றார். பிறகு, "நீங்க சாப்பிட்டீங்களாமா?" என்று கேட்டார். அழுதுவிட்டேன். சாப்பிடவில்லை.

அவர் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, பிரவீனா மூலம் காந்தாம்மாவுக்கு அனுப்பினேன்.

பிப்ரவரி 20, வியாழன்

வரிசையாக எழுத முயல்கிறேன்.

பதினோரு மணிக்கு எங்கள் மாடிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நிச்சயப் புடவை எடுக்க. கூடவே காந்தாம்மா, அபி. இத்தனை கடை இருக்கும் ஊரில் இங்கேயே. பெண் வேலை பார்த்த இடத்தில் விலை குறைப்பார்கள் என்று மாப்பிள்ளையின் அம்மா யோசனையாம். தர்மன் சார் என்னைத்தான் காட்டச் சொன்னார்.

அபி கஸ்டமர் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூன்று வருடத்தில் முதல்முறை. இளைத்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா மாம்பழ நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, போட்டுக் காட்டச் சொன்னார். அபி எழுந்து கண்ணாடி முன் நின்றாள். தோளில் முந்தானையைப் போட்டேன். சட்டென்று சிரித்தாள். தலையை லேசாகச் சாய்த்து, அழகாக, தர்மன் சார் சொல்லிக்கொடுத்த அதே சிரிப்பு. "பாரு, பொண்ணுக்குப் பிடிச்சிருக்குது" என்றார் அந்த அம்மா. புடவையை எடுத்தேன். சிரிப்பு போய்விட்டது. மங்கிப் போகவில்லை, அணைந்தது. அடுத்ததைப் போட்டேன். சிரிப்பு. எடுத்தேன், இல்லை. பச்சை, கத்தரிப்பூ, அரக்கு. போட்டால் வருகிறது, எடுத்தால் போகிறது.  சுவிட்ச் போடுகிற கை என்னுடையது.

ஏழாவதோ எட்டாவதோ. காந்தாம்மா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். புடவையை அல்ல. அடுத்ததை நான் பிரித்தபோது, "போதும், எடுத்துடு" என்றார்.

இன்னும் நாலு பார்க்கலாமே என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"இன்னிக்கு வேணாம்."

அந்தம்மா முகம் சுருங்கியது. நல்ல நாள், நேரம் என்று ஏதோ சொன்னார். காந்தாம்மா காதில் வாங்கவில்லை. எழுந்து என் பக்கத்தில் வந்து, மெதுவாகக் கேட்டார்: "வீட்லயும் இப்படித்தான் சிரிச்சுக்கினு இருந்துச்சு. அதுவும் இதே சிரிப்புதானா?"

தலையாட்டினேன்.

இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்தார். நான் எழுதி அனுப்பிய தாள் அதில் நாலாக மடித்து இருந்தது.

பிப்ரவரி 24, திங்கள்

அரசு ஆஸ்பத்திரி. காந்தாம்மா என்னையும் கூட வரச் சொல்லியிருந்தார். மனநல டாக்டர் ஓர் இளம்பெண். அபியிடம் தனியாக முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு காந்தாம்மாவைக் கூப்பிட்டு, இது நோய், மாத்திரைக்கும் பேச்சுக்கும் கேட்கும், நாளாகும் என்றார். முதல் சில வாரம் இன்னும் கவனமாக இருக்கவேண்டும், வயலுக்கு வாங்கி வைத்திருப்பதையெல்லாம் வீட்டைவிட்டு அகற்றவேண்டும் என்றார். கல்யாணம் மருந்தில்லை என்றும் சொன்னார், கேட்காமலே. எத்தனை காந்தாம்மாக்களைப் பார்த்திருப்பாரோ.

என்ன காரணம், யார் காரணம் என்று நான் கேட்டேன். ஒரு ஆள், ஒரு காரணம் என்று எப்போதும் இருக்காது என்றார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் பதினோரு மணி நேரம் நிற்பது உடம்புக்கு நல்லது என்றும் அவர் சொல்லவில்லை.

வெளியில் பெஞ்சில் காத்திருந்தபோது காந்தாம்மாவிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். தாகமில்லை என்றார். பத்து நிமிடம் கழித்துக் கடைக்குப் போய் ஒரு பாட்டில் வாங்கிக் குடித்தார். இதை எழுதாமல் விடமாட்டேன்.

மார்ச் 2

அபி என்னிடம் பேசவில்லை. பரவாயில்லை.

மார்ச் 19, புதன்

மெசேஜ். அவள் எண்ணிலிருந்து. "நேத்து ஆறு மணி நேரம் தூங்கினேன். நெஜமா."

நெஜமா என்ற வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

காந்தாம்மா வரச் சொல்லி அனுப்பினார். போனேன். வாசலில் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். உள்ளே கூப்பிடவில்லை. கோபம் தலைக்கு ஏறியது, திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அதற்குள் அபி உள்ளேயிருந்து இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்களாம். முனிசாமி அப்பா ஒரு வாரம் யாருடனும் பேசவில்லையாம். மாத்திரையில் வாய் காய்கிறது என்றாள். பிறகு கையை நீட்டினாள்.

"பாட்டிலக் குடு."

அதேமாதிரி வாய் வைத்துக் குடித்தாள். உள்ளேயிருந்து யாரும் வெளியே வரவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

வேலைக்கு வந்துவிட்டாள், மத்தியானம் வரை மட்டும். மாத்திரையால் தலை சுற்றுகிறது, ஒரு ஸ்டூலாவது வேண்டும் என்று தர்மன் சாரிடம் கேட்டேன். பொண்ணுங்க உக்காந்துக்கினு இருந்தா கடை தூங்கற மாதிரி இருக்கும் என்றார். உட்கார இடம் கொடுக்கவேண்டும் என்று சட்டமே இருக்கிறது சார் என்றேன். நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்மா என்றார்.

ஏப்ரல் 10

தூணுக்குப் பின்னால், கஸ்டமர் கண்ணில் படாத இடத்தில், ஒரு நீல ஸ்டூல். ஒன்பது பெண்களுக்கு ஒன்று. வெற்றி என்று எழுதமாட்டேன். அபி உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மறுபடி மோசம். இரண்டு நாளாக வரவில்லை. குணமாகிவிட்டாள் என்று நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். காந்தாம்மாவே போன் செய்தார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதாக. என்னைக் கேட்காமல் அவராகவே. மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள்.

மே 9, வெள்ளி

அடுத்த வாரம் கருட சேவை.

இன்று கூட்டம் அதிகமில்லை. மத்தியானம் அபி கிளம்புவதற்கு முன் இருபது புடவை மடிப்பதற்கு இருந்தது. பிரவீனா ஸ்டூலிலிருந்து எழுந்தாள், அபி கையைக் காட்டி அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே வந்து முந்தானையைப் பிடித்தாள்.

எப்படி இருக்கே என்று கேட்டேன். இதைக் கேட்க ஒவ்வொரு நாளும் எனக்குப் பயம்தான்.

"இன்னிக்கு நல்லா இல்லபா" என்றாள். சிரிக்கவில்லை. "காலைல வந்துச்சு. அம்மாகிட்ட சொன்னேன். உக்காந்துக்கினு இருந்தோம். போயிடுச்சு. திரும்ப வரும்னு நினைக்கிறேன்."

பொய் இல்லை. ஒரு வார்த்தையில்கூட.  துணியை இழுத்தேன். அந்தப் பக்கத்திலிருந்தும் இழுத்தாள். கரை சேர்ந்தது. நடந்து வந்தோம், முனையை என் கையில் கொடுத்தாள், திரும்பிப் போனாள். நாலு, ஐந்து, ஆறு.

பையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை இருந்தது. நேற்று நானே வாங்கியது. எடுத்துக் காட்டினேன். இந்தத் தடவை உனக்கு நான் ஒட்டிவிடுகிறேன் என்றேன். அட்டையைப் பார்த்தாள்.

"வருவேன்னு சொல்லு அபி" என்றேன். "சத்தியம் எல்லாம் வேணாம். சும்மா சொல்லுடி."

அவள் அடுத்த புடவையைப் பிரித்து, ஒரு முனையை என் பக்கம் நீட்டினாள்.